மூடிய பிறகு உள்ளே வாருங்கள்: சமகாலக் கலைக் கண்காட்சிகளில் இரவுச் சுற்று, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொதுப் பார்வை நேரம் முடிந்து கதவுகள் மூடிய பிறகு, சிறு குழுவாக, வழிகாட்டி ஒருவரோடு மியூசியத்துக்குள் போய்ச் சமகாலக் கலைக் கண்காட்சிகளைப் பார்ப்பதைத்தான் இரவுச் சுற்று என்கிறோம். இப்படிக் குழுக்களை அழைத்துப் போவது என் வேலை. வருவதற்கு முன் பலரும் கேட்பவற்றையும், கேட்கத் தயங்கி உள்ளே வந்தபின் மெல்ல விசாரிப்பவற்றையும் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

பகலிலேயே பார்க்கலாமே. மூடிய பிறகு வருவதில் அப்படி என்ன இருக்கிறது?

நேரம் இருக்கிறது. ஆளில்லாத அறைகளின் அழகுக்காக வருகிறோம் என்று பலர் சொல்வார்கள். அந்த அழகும் உண்டு. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது, ஒரே இடத்தில் நிற்கக் கிடைக்கும் அவகாசம்தான்.

நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் பார்வையாளர்களைக் கவனித்து 2001இல் வெளியான ஓர் ஆய்வு, ஒரு படைப்பின் முன் ஒருவர் செலவிடும் நேரம் சராசரியாக 27 விநாடி என்று கண்டது. சிலர் நெடுநேரம் நின்றதால் உயர்ந்த சராசரி அது. பாதிக்குப் பாதி பார்வைகள் 17 விநாடிக்குள் முடிந்துவிட்டன. பகலில் இது இயல்புதான். பின்னால் நிற்பவருக்கு மறைக்கிறோமோ என்று நகர்கிறோம், அடுத்த அறையில் கூட்டம் சேர்வதற்குள் போய்விடலாம் என்று நகர்கிறோம், கால் வலித்து நகர்கிறோம்.

இரவுச் சுற்றில் ஒரு படைப்பின் முன் பத்துப் பதினைந்து நிமிடம் இருப்போம். முதல் இரண்டு நிமிடம் எல்லோருக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும், எங்கே பார்ப்பது என்று தெரியாது. பிறகு யாராவது ஒருவர், "அந்த மூலையில் இருப்பது நிழலா, வரைந்ததா?" என்று கேட்பார். எல்லோரும் அந்த மூலையைப் பார்ப்பார்கள். சுற்று உண்மையில் தொடங்குவது அப்போதுதான்.

இது புதிதாக வந்த வழக்கமா?

இல்லை. இன்று விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் என்று அறியப்படும் லண்டன் நிறுவனம், 1857இல் சவுத் கென்சிங்டனில் திறக்கப்பட்டபோதே காட்சிக்கூடங்களில் எரிவாயு விளக்குகளைப் பொருத்தி மாலையிலும் திறந்து வைத்தது. பகல் முழுக்க உழைப்பவர்கள் வேலை முடிந்து வந்து பார்க்க வேண்டும் என்பதே அதன் முதல் இயக்குநர் ஹென்றி கோலின் எண்ணம். எனக்கு இந்தச் செய்தி மிகவும் பிடிக்கும். இரவில் திறப்பது சிலருக்கான சலுகையாகத் தொடங்கவில்லை, பகலில் வர முடியாதவர்களுக்காகத் தொடங்கியது.

பிறகு 1997இல் பெர்லின் நகரம் 'மியூசியங்களின் நீண்ட இரவு' என்ற நிகழ்வை ஆரம்பித்தது, பல நகரங்கள் பின்பற்றின. அவை திருவிழாக் கூட்டம். நாங்கள் செய்வது சிறு குழு.

எனக்குக் கலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. வரலாமா?

அதிகம் வரும் கேள்வி இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாருங்கள். முன்கூட்டிப் படித்துவிட்டு வர வேண்டாம். படைப்பின் முன் நின்றதும் நான் பேசத் தொடங்க மாட்டேன். முதலில் கேட்பேன்: இங்கே என்ன நடக்கிறது? நீங்கள் ஏதாவது சொன்னதும், எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்பேன். அதற்குப் பிறகு, இன்னும் என்ன தெரிகிறது? இந்த மூன்று கேள்விகளும் என் கண்டுபிடிப்பல்ல. அபிகேல் ஹவுசன் என்ற உளவியலாளரும், நியூயார்க் நவீனக் கலை மியூசியத்தில் கல்வித் துறையை நடத்திய ஃபிலிப் யெனவைனும் சேர்ந்து உருவாக்கிய முறை. உலகெங்கும் வழிகாட்டிகள் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

இதில் நடுக்கேள்விதான் உயிர். "சோகமாக இருக்கிறது" என்று யாரும் சொல்லிவிடலாம். எதைப் பார்த்து என்று கேட்டால், கண் மறுபடி படைப்புக்குத் திரும்ப வேண்டியிருக்கும். நிறமா, தொங்கும் விதமா, தரையில் விழும் நிழலா? அப்படித் தேடும்போது பார்ப்பது வேறாகிவிடுகிறது.

ஒரு சுற்றில் தையல் தொழில் செய்யும் அம்மா ஒருவர் வந்திருந்தார். துணியால் ஆன ஒரு பெரிய இன்ஸ்டலேஷன் (பொருட்களை ஓர் இடத்தில் அமைத்து, அந்த அமைப்பையே படைப்பாக்குவது) முன் மற்றவர்கள் அடையாளம், நினைவு என்றெல்லாம் பேசிக்கொண்டிருக்க, அவர் மட்டும் சும்மா நின்றார். கடைசியில், "இதைத் தைத்தது ஒரே ஆள் இல்லை. இங்கே கை மாறியிருக்கிறது, இழுப்பு வேறு" என்றார். அத்தனை நாள் அதைக் காட்டிப் பேசிய எனக்கு அது தெரியவில்லை. பலர் சேர்ந்து தைத்த படைப்புதான் அது. அவர் சொன்ன பிறகு அந்தக் குழு வேறு எதையும் பேசவில்லை, தையலைத்தான் பார்த்தது. ஒன்றும் தெரியாது என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்கள் கையில் இப்படி ஏதோ ஒன்று இருக்கும்.

சமகாலக் கலை, நவீனக் கலை இரண்டும் ஒன்றா?

பேச்சில் கலந்துவிடும். மியூசியங்கள் பொதுவாக 1860கள் முதல் 1960கள் வரையானதை நவீனக் கலை என்றும், அதற்குப் பிறகு இன்று வரை வருவதைச் சமகாலக் கலை என்றும் பிரிக்கின்றன. எல்லை கறாரானதல்ல. சமகாலம் என்றால் ஓவியம், சிற்பம் தவிர வீடியோ, ஒலி, ஒளி, இன்ஸ்டலேஷன், மனித உடலே ஊடகமாகும் நிகழ்த்துகலை எல்லாம் வரும்.

"இதை நானே செய்திருப்பேனே" என்று தோன்றினால் சொல்லலாமா?

தாராளமாக. அது நல்ல இடம், அங்கிருந்து பேச்சு நன்றாகப் போகும்.

மார்சல் துஷாம்ப் 1917இல் ஆண்கள் கழிப்பறையில் பொருத்தும் சிறுநீர்க் கோப்பை ஒன்றை வாங்கி, 'ஃபவுண்டன்' என்று பெயரிட்டு, நியூயார்க்கில் ஒரு கண்காட்சிக்கு அனுப்பினார். பணம் கட்டிய எவர் படைப்பையும் ஏற்பதாகச் சொன்ன அமைப்பு அதைக் காட்சிக்கு வைக்கவில்லை. அந்த மூலப்பொருள் தொலைந்தே போனது. இன்று மியூசியங்களில் இருப்பவை பிற்காலப் பிரதிகள், பெரும்பாலானவை 1964இல் அவர் ஒப்புதலுடன் செய்தவை. பொருளை யார் செய்தார் என்பதற்கும் எது கலை என்பதற்கும் இருந்த முடிச்சு அங்கேயே தளர்ந்துவிட்டது.

சால் லெவிட்டின் சுவர் ஓவியங்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1968இல் தொடங்கி அவர் செய்தவை பெரும்பாலும் எழுத்துக் குறிப்புகள்: இந்த அளவு சுவரில், இப்படிக் கோடுகள் போடு. சுவரில் வரைபவர்கள் வேறு ஆட்கள். கண்காட்சி முடிந்ததும் வெள்ளையடித்து மூடிவிடுவார்கள், அடுத்த இடத்தில் மறுபடி வரைவார்கள். 2007இல் லெவிட் இறந்துவிட்டார். ஓவியங்கள் இன்றும் வரையப்படுகின்றன. ஆக, "நானே செய்திருப்பேன்" என்பது சிலவற்றுக்கு உண்மையாகவே பொருந்தும். குறிப்பைக் கொடுத்தால் நீங்கள் செய்யலாம். அந்தக் குறிப்பு முதலில் ஒருவருக்கு ஏன் தோன்றியது என்று பேசலாம், வாருங்கள்.

மொத்தம் எத்தனை படைப்புகளைப் பார்ப்போம்?

ஒன்றரை மணி நேரத்தில் ஆறு அல்லது ஏழு. கண்காட்சியில் நூறு இருந்தாலும் ஆறு அல்லது ஏழுதான். ஏமாற்றமாக உணர்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று வந்தால் பகல் நேரமே சரி.

வழிகாட்டி சொல்வதுதான் சரியான அர்த்தமா?

இல்லை. ஆனால் உங்கள் ஊகம் எல்லாமே சரி என்றும் சொல்ல மாட்டேன். சில தகவல்கள் படைப்பையே புரட்டிப் போடும். அவற்றை எப்போது சொல்வது என்பதுதான் என் வேலையின் கஷ்டமான பகுதி.

ஃபெலிக்ஸ் கொன்சாலெஸ்-டோரஸின் ஒரு படைப்பைச் சொல்கிறேன். 1991இல் செய்தது. பளபளக்கும் வண்ணத் தாள்களில் சுற்றிய மிட்டாய்கள், அறை மூலையில் ஒரு குவியல். ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொள்ளலாம். முதல் பார்வைக்குக் கொண்டாட்டம் மாதிரி இருக்கும், சிரிப்பார்கள், பிள்ளைகள் ஓடுவார்கள். படைப்பின் பெயரில் அடைப்புக்குறிக்குள் 'லாஸ் ஏஞ்சலிஸில் ராஸின் உருவப்படம்' என்று இருக்கும். ராஸ் கலைஞரின் வாழ்க்கைத் துணை, எய்ட்ஸ் நோயால் 1991இல் இறந்தவர். குவியலுக்குக் குறிக்கப்பட்ட எடை 175 பவுண்டு, ஏறத்தாழ 79 கிலோ. அது அவர் நலமாக இருந்த காலத்தின் உடல் எடை என்றே பரவலாக வாசிக்கப்படுகிறது. ஒவ்வொருவர் எடுக்க எடுக்கக் குவியல் மெலியும். மியூசியம் மறுபடி நிரப்பலாம்.

இதை மிட்டாயை வாயில் போடுவதற்கு முன் சொல்வதா, பின் சொல்வதா? முன்பே சொன்னால் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாக நிற்பார்கள், யாரும் எடுக்க மாட்டார்கள். பின்பு சொன்னால், இனிப்பு நாக்கில் இருக்கும்போதே செய்தி வந்து சேரும். பின்பு சொல்வதே நேர்மை என்று நான் நம்புகிறேன், ஏனென்றால் கலைஞர் எடுக்கச் சொல்லித்தான் வைத்தார். சக வழிகாட்டிகள் சிலர் இதை ஏற்பதில்லை. அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது: துக்கத்தை ஒருவர் வாயில் தெரியாமல் வைப்பது சரியா என்று கேட்கிறார்கள்.

இரவில் படைப்புகள் வேறு மாதிரி தெரியுமா?

சில தெரியும். கூரைக் கண்ணாடி வழியே பகல் வெளிச்சம் வரும் கூடங்களில் வித்தியாசம் வெளிப்படையாக இருக்கும், ஏனென்றால் பகலில் மேகம் போகும்போதெல்லாம் நிறம் மாறுகிறது, இரவில் மின்விளக்கின் நிலையான வெளிச்சம். டான் ஃப்ளேவின் கடையில் கிடைக்கும் டியூப் லைட்டுகளை வைத்தே செய்த படைப்புகள் பகல் வெளிச்சம் கலக்காத அறையில் சுவர், தரை, பார்ப்பவர் சட்டை எல்லாவற்றிலும் நிறத்தைப் பூசும்.

வீடியோ, ஒலிப் படைப்புகளில்தான் மாற்றம் எனக்கு அதிகம் தெரிகிறது. பகலில் மூன்று அறைகளின் சத்தமும் காலடிகளும் கலந்துகொண்டிருக்கும். இரவில், தேவையில்லாத அறைகளின் ஒலியை நிறுத்திவிடுவோம். மிக மெல்லிய மூச்சொலி ஒன்று படைப்பில் இருப்பதே அப்போதுதான் பலருக்குக் கேட்கும்.

இன்னொரு வகை, நேரத்தையே பொருளாகக் கொண்டவை. கிறிஸ்டியன் மார்க்லேயின் 'தி கிளாக்' 2010இல் வந்தது, 24 மணி நேரம் ஓடும். கடிகாரமோ நேரமோ வரும் ஆயிரக்கணக்கான திரைப்படத் துண்டுகளைக் கோத்து, திரையில் காட்டும் மணியும் பார்ப்பவர் கைக்கடிகார மணியும் ஒன்றாக இருக்கும்படி அமைத்தது. பகல் நேரத்தில் மட்டும் திறக்கும் மியூசியத்தில் அதன் நள்ளிரவை யாருமே பார்க்க முடியாது. அதனால் காட்டிய இடங்கள் பல, சில நாட்களாவது இரவு முழுக்கத் திறந்து வைத்தன.

ஏன் சில அறைகள் அவ்வளவு மங்கலாக இருக்கின்றன?

இரண்டு காரணங்கள். காகிதம், துணி, நீர்வண்ணம், பழைய புகைப்படம் போன்றவை வெளிச்சத்தில் வெளிறிப் போகும், வெளிறியதை மீட்க முடியாது. அதனால் அவற்றுக்கு 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவு வெளிச்சமே போதும் என்பது மியூசியங்களின் நடைமுறை. எண்ணெய் ஓவியத்துக்கு 150 முதல் 200 வரை போகலாம்.

இன்னொன்று, இருட்டே படைப்பாக இருப்பது. ஜேம்ஸ் டரெல் இப்படிச் செய்தவர். உள்ளே போனதும் ஒன்றும் தெரியாது. இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும், மெல்ல மெல்ல ஏதோ தோன்றும். அந்த நேரத்தில் ஒருவர் கைபேசித் திரையை ஒரு நொடி திறந்தாலும் அனைவரும் ஏறக்குறைய முதலிலிருந்து தொடங்க வேண்டும். கைபேசி விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பது இந்த ஓர் அறையில்தான், தயவுசெய்து பொறுத்துக்கொள்ளுங்கள்.

எதையாவது தொடலாமா?

நான் சொல்வதை மட்டும். சமகாலக் கலையில் இது நிஜமாகவே குழப்பும் விஷயம், உங்கள் தப்பில்லை. மிட்டாயை எடுக்கலாம், பக்கத்துக் கல்லைத் தொடக் கூடாது. அய் வெய்வெய் 2010இல் லண்டன் டேட் மாடர்னில் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைத் தரையில் பரப்பினார். முதலில் மக்கள் அதன் மேல் நடந்தார்கள், அள்ளினார்கள், படுத்தார்கள். பீங்கான் தூசி உடம்புக்குக் கெடுதல் என்று சில நாட்களிலேயே நடப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பாதுகாப்பும் உண்டு. அனிஷ் கபூரின் ஒரு படைப்பு தரையில் கறுப்பு வட்டமாகத் தெரியும். உண்மையில் அது ஏறத்தாழ 2.5 மீட்டர் ஆழக் குழி. 2018இல் போர்ச்சுகலின் போர்ட்டோ நகர மியூசியத்தில் ஒரு பார்வையாளர் அதற்குள் விழுந்து மருத்துவமனைக்குப் போக நேர்ந்தது. மங்கிய அறையில் எதன்மீதும் கால் வைக்கும் முன் கேட்டுவிடுங்கள்.

கைப்பை, தண்ணீர் பாட்டில், பேனா?

முதுகுப் பை, குடை, தண்ணீர் எல்லாம் லாக்கரில். முதுகுப் பை ஏன் என்று கேட்பார்கள்: திரும்பும்போது நம் முதுகு எங்கே போகிறது என்று நமக்குத் தெரிவதில்லை. குறிப்பெடுக்கப் பென்சில் மட்டும். பேனா மையைத் துடைத்தெடுக்க முடியாது. பென்சில் இல்லை என்றால் நாங்கள் தருகிறோம். லேசான சால்வையோ முழுக்கைச் சட்டையோ கொண்டு வாருங்கள், கூடங்களில் குளிர்சாதனம் இரவிலும் ஓடும்.

படம் எடுக்கலாமா?

படைப்புக்குப் படைப்பு மாறும். வெளியிலிருந்து இரவல் வந்தவற்றுக்குப் பெரும்பாலும் அனுமதி இருக்காது, கலைஞரின் பதிப்புரிமை காரணம். ஆட்கள் நிகழ்த்துவதையே படைப்பாக்கும் டீனோ சேகல் போன்ற கலைஞர்கள் படமோ வீடியோவோ எடுப்பதையே ஏற்பதில்லை. அனுமதி உள்ள இடத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடுக்கலாம். என் வேண்டுகோள்: முதல் ஐந்து நிமிடம் எடுக்காதீர்கள். கடைசியில் எடுத்தால் எதை எடுக்க வேண்டும் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

அன்று மியூசியத்தில் நாங்கள் மட்டும்தான் இருப்போமா?

இல்லை. மூடிய பிறகுதான் மியூசியத்தில் பாதி வேலை நடக்கிறது. துப்புரவுப் பணியாளர்கள், விளக்கு மாற்றுபவர்கள், படைப்பின் நிலையைச் சரிபார்க்கும் பராமரிப்பு நிபுணர்கள், காவலர்கள். அவர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள்.

இத்தாலியின் பொல்சானோவில் 2015இல் காலி ஷாம்பெயின் பாட்டில்களும் வண்ணக் காகிதத் துணுக்குகளும் சிதறிய ஓர் இன்ஸ்டலேஷனைத் துப்புரவுப் பணியாளர்கள் குப்பை என்று எடுத்துப் போட்டுவிட்டார்கள். ஜெர்மனியின் டார்ட்மண்டில் 2011இல், மார்ட்டின் கிப்பன்பெர்கர் வேண்டுமென்றே பூசிய கறையை ஒருவர் தேய்த்து எடுத்துவிட்டார். செய்தித்தாள்கள் சிரித்தன. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. எது படைப்பு என்று அவர்களிடம் ஒழுங்காக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். புதுக் கண்காட்சி திறக்கும் முன் முதல் சுற்று பணியாளர்களுக்கே இருக்க வேண்டும் என்று நான் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லிவருகிறேன்.

இரவில் இயங்காத படைப்புகள் இருக்குமா?

இருக்கும். மோட்டாரில் ஓடும் சிற்பங்கள் தேய்மானம் கருதி நாளுக்குக் குறிப்பிட்ட முறைதான் இயங்கும். ஆட்கள் நிகழ்த்துபவை அவர்கள் வேலை நேரத்தோடு முடிந்துவிடும். எது இருக்காது என்று முன்பதிவின்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை அழைத்து வரலாமா?

எட்டு வயதுக்கு மேல் என்றால் சந்தோஷமாக. "இங்கே என்ன நடக்கிறது" என்ற கேள்விக்கு அவர்களைப் போல் பதில் சொல்லப் பெரியவர்களுக்கு அரை மணி நேரம் தேவைப்படும். சிறு பிள்ளைகளுக்கு நேரம் கடந்துவிடும், தூக்கம் வரும்.

நடக்க, நிற்கச் சிரமம் உள்ளவர்கள்?

மடக்கு நாற்காலிகள் உண்டு, கேட்க வெட்கப்பட வேண்டாம், வயதில் சிறியவர்களும் எடுக்கிறார்கள். சக்கர நாற்காலியில் வருபவர்கள் முன்பே சொன்னால், லிஃப்ட் இரவில் பூட்டப்படாமல் இருக்க ஏற்பாடு செய்து, சுற்றின் வரிசையை அதற்கேற்ப மாற்றுவேன். தனி வழியில் யாரையும் அனுப்ப மாட்டேன், குழு முழுவதும் ஒரே வழியில் போகும். காது மந்தமானவர்களுக்கு ஹெட்செட் இருக்கிறது. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் இருக்கும் குழுவில் படைப்பை மற்றவர்கள் சொல்லால் வர்ணிப்பார்கள். உண்மையில் அப்படிப்பட்ட சுற்றுகளில்தான் எல்லோருமே மிக நன்றாகப் பார்க்கிறார்கள். மின்னும் விளக்கு, திடீர்ச் சத்தம் ஒத்துக்கொள்ளாது என்றாலும் சொல்லுங்கள்.

பேசாமல் வந்தால் தப்பா?

இல்லவே இல்லை. யாரையும் பெயர் சொல்லிக் கேட்க மாட்டேன்.

மனத்தைக் கலங்கடிக்கும் படைப்புகள் இருக்குமா?

சில கண்காட்சிகளில் போர், வன்முறை, நோய், மரணம் வரும். அறைக்குள் போவதற்கு முன் சொல்லிவிடுவேன். வெளியே உட்கார்ந்திருக்கலாம், யாரும் காரணம் கேட்க மாட்டார்கள். உள்ளே அழுகை வந்தாலும் பரவாயில்லை. அந்த நேரங்களில் நான் விளக்கம் சொல்வதை நிறுத்திவிடுவேன்.

தாமதமாக வந்தால்?

பத்து நிமிடம் காத்திருப்போம். பிறகு வெளிக்கதவு பூட்டப்படும், காவலர் ஒருவரை அனுப்பி அழைத்துவர எப்போதும் முடிவதில்லை.

சுற்று முடிந்ததும் தனியாகக் கொஞ்சம் உலாவலாமா?

ஆசை புரிகிறது, ஆனால் முடியாது. அறைக்கு அறை அலாரம் இருக்கிறது, நாங்கள் கடந்து வந்ததும் பின்னால் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வருவார்கள். அதற்குப் பதிலாக, கடைசிப் பத்து நிமிடம் உங்களுடையது: பார்த்த ஆறேழில் எதற்கு வேண்டுமானாலும் திரும்பலாம் என்று அந்த அறைகளை மட்டும் திறந்து வைத்திருப்போம். பெரும்பாலானவர்கள் முதலில் பிடிக்காத ஒன்றுக்குத்தான் திரும்பிப் போகிறார்கள். நான் வாசலருகே நிற்பேன். வெளியே போகும்போது காவலர் தலைகளை எண்ணுவார், மடக்கு நாற்காலியை அவரிடம் கொடுத்துவிடுங்கள். பென்சிலை வைத்துக்கொள்ளலாம்.